பாச்சலூர் மலைக்கு மறுபடியும் ஏறிய வண்டி

ஒட்டன்சத்திரத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினால், பாச்சலூரில் இறங்கும்போது அதே துண்டைத் தோளில் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். கீழே முருங்கையும் தக்காளியும் மக்காச்சோளமும் விளைகிற காடு. மேலே காப்பி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், அவற்றுக்கு நடுவில் மலைவாழை. இடையில் இருப்பது வளைந்து வளைந்து ஏறும் மலை ரோடு. எங்கள் குடும்பத்துக்கு இரண்டு இடத்திலும் நிலம் உண்டு. அடிவாரத்தில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். மேலே அப்பா காலத்தில் வாங்கிய நாலு ஏக்கர் தோட்டம். இரண்டுக்கும் நடுவே உரத்தையும் ஆட்களையும் வாழைத்தாரையும் சுமந்து போய்வந்தது 2006-ல் வாங்கிய ஒரு டாடா 207 பிக்கப்.

அதை அண்ணன்தான் ஓட்டுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். 2019 ஆவணியில் ஒரு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தவர், "எதிர்ல வந்த பஸ் லைட்டைத் தவிர ஒண்ணுமே தெரியலடா" என்று சொல்லிவிட்டு, களத்து மேட்டுப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. வைத்தியம் பார்த்ததில் இருக்கிற பார்வையைக் காப்பாற்ற முடிந்தது. போனது திரும்பவில்லை. ரெண்டு வாரத்தில் எடுத்துவிடலாம் என்ற நினைப்பில், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி, கால் டேங்க் டீசலோடு, பேட்டரி ஒயர்கூடக் கழற்றாமல் விட்ட வண்டி, ஆறு வருடம் அப்படியே நின்றது.

இந்த இதழின் கேள்வி-பதில் பக்கத்தில் நின்றுபோன டிராக்டர், நின்றுபோன டீசல் மோட்டார் பற்றி வாசகர்கள் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. எங்கள் வண்டிக்கு என்ன ஆனது, அதை எப்படி மறுபடியும் மலையேற்றினோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி நின்றதிலிருந்து மலைத் தோட்டத்துக்கு வாடகை வண்டிதான். ஒரு நடைக்கு 2,800 ரூபாய். கணக்குப் பார்த்தால் அதுகூடக் கட்டுப்படியாகும், சொன்ன நாளில் வந்தால். போன வருடம் தை மாதம், நாற்பத்திரண்டு தாரை வெட்டி, குதிரைச் சுமையாக ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வண்டி அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது பாதித் தார் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரி யானை வேறு வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மலைவாழை சாதாரணமாக வளர்கிற மரம் இல்லை. முடிக்கொத்து நோயில் இந்த மலையில் தோட்டம் தோட்டமாக அழிந்து, நல்ல கன்று பார்த்து மறுபடி மறுபடி நட்டு வந்ததில் மிஞ்சியது. அதை ரோட்டில் அழுக விட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் புளியமரத்தடி வண்டிக்கு 45,000 தருவதாக ஏற்கெனவே கேட்டிருந்தார். அதை விற்று, மேலே கடன் வாங்கி, பழைய வண்டி வேறு ஒன்று எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் பதில் பேசவில்லை. மதினிதான் சொன்னார்: "தினமும் காலைல எந்திரிச்சு அந்த வண்டி மேல கைய வச்சுப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குறாரு. நீங்க பேசாம பாய்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க தம்பி."

பாய் என்றால் அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து பார்த்த மெக்கானிக். இப்போது பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு, பழைய மாடல் வண்டி என்றால் மட்டும் வருகிறார். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். அண்ணன் மகன் புது பேட்டரி ஒன்றை இரவல் வாங்கித் தயாராக வைத்திருந்தான். மாட்டி ஒரு செல்ஃப் அடித்துப் பார்த்துவிடலாம் என்பது அவன் யோசனை. பாய் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒரு வாரத்துக்கு இது உனக்குக் கிடையாது மாப்ளே."

முதல் நாள் சுத்தம் செய்ததோடு சரி. பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலிக்கூடு. பழைய சாக்கு நாரும் மல்லாட்டைத் தொலியும் ஒரு கூடை வந்தது. செல்ஃப் அடித்திருந்தால் அதெல்லாம் இன்ஜினுக்குள் போயிருக்கும். சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் எலி கடித்த ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. சீட்டுக்கு அடியில் சாரைப்பாம்புச் சட்டை ஒன்று முழுசாகக் கிடந்தது. எலி ஏன் வண்டியை மொத்தமாகத் தின்னாமல் விட்டது என்பதற்கு விடை. கண்ணாடிக்குக் கீழே மழைத் தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் புளிய இலை உதிர்ந்து அடைத்து, தண்ணீர் நின்று, கால் வைக்கும் தகரம் இரண்டு பக்கமும் கையை விட்டால் தரை தெரிகிற அளவுக்கு அரித்திருந்தது. நிழல் என்று நினைத்துத்தான் மரத்தடியில் விட்டோம். மரத்தடிக்குப் பதில் கூரைச் சாளையில் விட்டிருந்தால் அந்த வெல்டிங் செலவு 6,000 மிச்சமாகியிருக்கும்.

அடுத்து டேங்க். அடி நட்டைக் கழற்றினால் முதலில் வந்தது டீசல் இல்லை, தண்ணீர். கால் டேங்க்தான் டீசல் என்றால் முக்கால் டேங்க் காற்று. பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் அந்தக் காற்றிலிருக்கும் ஈரம் தகரத்தில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்ந்துவிடுகிறது. தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் ஒரு வகை நுண்ணுயிர் வளருமாம். கறுப்பாக, வாய்க்கால் பாசி மாதிரி கொழகொழவென்று வந்தது. வாடையும் டீசல் வாடை இல்லை, வார்னிஷ் வாடை. டேங்கையே இறக்கிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தோம். டீசல் ஃபில்டர் இரண்டும் புதுசு. "நிறுத்துற அன்னைக்கு டேங்க ஃபுல் பண்ணி நிறுத்தியிருந்தா இவ்ளோ தண்ணி சேராது. உங்கண்ணனுக்கே தெரியும். அவரு நிறுத்தினதா நெனைக்கல, அதான்" என்றார் பாய். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினைத் தொட்டது நாலாம் நாள். நாசில் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டார். மறுநாள் காலை முன்பக்கக் கிராங்க் நட்டில் பெரிய ஸ்பானரை மாட்டி, கையாலேயே திருப்பினார். முதலில் அசையவில்லை. அவர் பலம் போட்டு இழுக்கவும் இல்லை. முன்னும் பின்னுமாக நூல் அளவு ஆட்டிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் ரிங் உடையும். கையால் ஆட்டினால் விட்டுக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. விட்டுக்கொடுத்தது. ஒரு முழுச் சுற்று வந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீ கேட்டார்.

பழைய இன்ஜின் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி, ரேடியேட்டரில் செம்மண் கலரில் இருந்த தண்ணீரை வெளியேற்றி, கல் மாதிரி இறுகியிருந்த ஹோஸ்களையும் வெடித்த ஃபேன் பெல்ட்டையும் மாற்றினார்கள். டீசல் லைனில் ஏர் எடுப்பது தனி வேலை. ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கை பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை, அப்புறம் குமிழி, கடைசியில் குமிழி இல்லாத சுத்த டீசல். அது வந்தபிறகுதான் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அண்ணன் மகனின் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.

ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு விஷயம் புதிதாகக் கற்றுக்கொண்டேன். ஒன்று, ஸ்டாப்பர் கேபிளை இழுத்துப் பிடித்து, டீசல் போகாதபடி செய்துவிட்டு, ஆயில் பிரஷர் லைட் அணையும் வரை விட்டு விட்டுச் செல்ஃப் அடித்தார்கள். ஆறு வருடம் காய்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓட வேண்டுமாம். இரண்டு, பாயின் மகன் கையில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, காற்று இழுக்கும் குழாய் வாய்ப்பக்கம் நிறுத்தினார். நின்றுபோன வண்டியில் பம்புக்குள் டீசல் அளவைக் குறைக்கிற பாகம் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் இன்ஜின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். "கைய வச்சு மட்டும் அடைச்சிராதே, கையை இழுத்துரும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பலகைக்கு வேலை வரவில்லை. ஐந்தாவது அடியில் இன்ஜின் இரண்டு இருமல் இருமி, களம் முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் காட்டில் முருங்கை ஒடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு வந்துவிட்டார்கள். அண்ணன் எழுந்து சத்தம் வந்த திசையில் நாலடி வைத்து, பானெட்டில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "மூணாவது நாசில் சரியா அடிக்கல பாய்" என்றார். கழற்றிப் பார்த்ததில் மூணாவதுதான்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இன்ஜின் ஓடிவிட்டது, ஊரே நின்று பார்க்கிறது, அண்ணன் மகன் டிரைவர் சீட்டில். களத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு, அப்படியே அடிவாரம் வரை ஒரு ஓட்டம் என்று அவன் கேட்க, நானும் சரி என்கிற நிலையில்தான் இருந்தேன். பாய் அவனை இறங்கச் சொல்லிவிட்டு, தான் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது மிதியில் பெடல் தரையோடு தரையாகப் போனது. பின் அச்சுக்கு மேலே போகிற பிரேக் பைப் துருவேறி மெலிந்திருந்தது, வெடித்து, காய்ந்த புளிய இலை மேல் பிரேக் ஆயில் பீச்சியடித்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் எங்களுக்கு அது வெறும் கறை. மலை இறக்கத்தில் லோடோடு என்றால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் பையனைப் பார்க்கவில்லை, அண்ணன் பக்கமும் திரும்பவில்லை.

பின் சக்கரம் இரண்டும் சுற்றவே மறுத்தன. ஹேண்ட் பிரேக் இழுத்தே நிறுத்தியதால் ஷூவும் டிரம்மும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சூடு காட்டி, தட்டித் தட்டிக் கழற்றியதில் ஒரு பக்க லைனிங் டிரம்மிலேயே தங்கிவிட்டது. வீல் சிலிண்டர்களில் பிஸ்டன் அசையவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் உள்ளேயே துரு பிடிக்க வைக்கிறது. பைப் முழுக்க, வீல் சிலிண்டர் எல்லாமே, மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசுதான் என்று பாய் சீட்டு எழுதினார். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்க வேண்டும் என்பதை இப்போது எங்கள் ஊரில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. அதற்கு, பெடலை அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை கொடுத்து இரண்டு நாள் விட்டதில் தானாக விட்டுவிட்டது.

டிரம் மட்டும் புதுசாகக் கிடைக்க நாளாகும் என்றார்கள். பழையதாவது பார்க்கலாம் என்று நானும் அண்ணன் மகனும் உக்கடத்துக்கு பஸ் ஏறினோம். விருப்பாச்சி தாண்டும்போது அவனிடம் சொன்னேன்: வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கர் ஊர் இது, நம் மலைவாழைக்கும் இந்த ஊர்ப் பெயரில்தான் புவிசார் குறியீடு. பழனி பஞ்சாமிர்தம் இந்தப் பழம் இல்லாமல் இல்லை. அவன் செல்போனில் பிரேக் டிரம் படம் பார்த்துக்கொண்டிருந்தான். உடுமலை தாண்டிக் காற்றாலைகள், அப்புறம் பொள்ளாச்சித் தென்னை. வெள்ளை ஈ அடித்து, ஓலையெல்லாம் கரி பூசினது போலிருந்த தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போனேன். மற்றவன் கஷ்டத்தைப் பார்த்தால் நம் கஷ்டம் சின்னதாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை, இரண்டும் சேர்ந்துகொண்டது.

உக்கடத்தில் புது மேம்பாலத்தின் பக்கம் இறங்கி, பழைய வண்டி பிரிக்கிற கடைகளுக்குள் நுழைந்தால், நம் ஊர்க் களத்து மேடுகளில் நின்றுபோன வண்டியெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேருகின்றன என்று தெரியும். கதவுகள் ஒரு பக்கம், கியர் பாக்ஸ் ஒரு பக்கம், ஸ்டியரிங் வளையங்கள் மாலை மாதிரி கம்பியில். ஒரு கதவில் "முருகன் துணை", கீழே ஏதோ ஊர் பாதி அழிந்து. பாய் சொல்லிவிட்டது இரண்டே விஷயம்: டிரம்மின் உள்வாய் அளவு இந்தச் சீட்டில் இருப்பதற்கு மேல் போனால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே, ரப்பர் எதையும் பழசில் வாங்காதே. ஏழு கடையில் அளந்தோம். ஏழாவது கடையில் ஜோடி டிரம் அளவுக்குள் இருந்தது. 3,600 சொன்னார், 2,900-க்குக் கொடுத்தார். கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின் ஒன்றையும் கூடவே வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்தோம்.

டயரில் ஒரு வாக்குவாதம். "பட்டன் புதுசாட்டம் இருக்கே சித்தப்பா" என்றான் பையன். இருந்ததுதான். ஆனால் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துக்களில் கடைசி நாலு எண்ணைப் பார்க்கச் சொன்னார் பாய். 3216 என்றிருந்தது. 2016-ம் வருடம் 32-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். கிட்டத்தட்ட ஒன்பது வயது, அதில் ஆறு வருடம் காற்றில்லாமல் ஒரே இடத்தில் அமுங்கி நின்றிருக்கிறது. கையால் அமுக்கினால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு வாய் திறந்தது. நாலும் புதுசு, 26,000. மொத்தச் செலவில் பெரிய துண்டு அதுதான். பழையதில் தேறியது ஒன்றை ஸ்டெப்னிக்கு வைக்கலாமா என்று கேட்டதற்குப் பாய் முறைத்த முறைப்பில், ஐந்தாகிவிட்டது.

காகித வேலை தனி மலை. இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று, ரோடு டாக்ஸ் எல்லாம் காலாவதி. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து தாண்டினால் கட்டணம் வேறு. தொகை அவ்வப்போது மாறுகிறது, எங்கள் தொகையை நம்பி நீங்கள் போக வேண்டாம், அன்றைய நிலவரத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் நேரில் வந்து படம் எடுத்துக்கொண்ட பிறகே போட்டார்கள். அது கைக்கு வரும் வரை வண்டியைக் களத்தை விட்டு ரோட்டில் இறக்கவில்லை. பையனிடம் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ்தான் இருந்தது, சரக்கு வண்டிக்குத் தனியாக வேண்டுமா என்று பயந்தோம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அதுவே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருப்பதை லைசென்ஸ் எடுத்துக் கொடுப்பவர் காட்டினார்.

காகிதச் செலவு போக, வண்டிக்கு மட்டும் 92,000 ஆனது. இரும்புக்காரர் தருவதாகச் சொன்ன 45,000-யும் சேர்த்துப் பார்த்தால், நாங்கள் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்துக்கு ஒரு பழைய வண்டியை வாங்கியிருக்கிறோம். லாபமா என்று கேட்டால், கம்ப்யூட்டர் இல்லாத பழைய இன்ஜின், அதை அறிந்த மெக்கானிக், சட்டம் அரிக்காமல் இருந்தது, இந்த மூன்றும் இருந்ததால் கட்டுப்படியானது. சட்டத்தில் துரு ஏறியிருந்தால் இரும்புக்காரருக்கே கொடுத்திருப்பேன், அண்ணன் பேசாமல் இருந்தாலும்.

ஆனி மாதம் இரண்டாம் வாரம், காற்று எடுத்துக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை, மலைக்குக் கிளம்பினோம். அதற்கு முன் பத்து நாள் கீழேயே ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. வெறும் வண்டி, அப்புறம் எரு மூட்டை, அப்புறம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி. ஒவ்வொரு தடவையும் வந்து நின்றதும் அடியில் குனிந்து ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்போம். பையன் ஓட்ட, நடுவில் நான், ஜன்னலோரம் அண்ணன். ஆறு வருடத்தில் அவர் மலைக்கு வரவே இல்லை. பஸ்ஸில் கூப்பிட்டால் "பாக்க முடியாததுக்கு எதுக்கு" என்பார். இந்த வண்டியில் என்றதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏற்றம் தொடங்கியதும் அவர் பேச ஆரம்பித்தார். "மூணாவதுலயே இழுக்காதே, திணறுது. ரெண்டுக்கு வா." பையன் வந்தான். "இப்ப வலது பக்கம் திரும்பும், ஆரன் அடி." அடித்தான். திரும்பியது. இடிந்து சரிந்து மறுபடி கட்டிய தடுப்புச் சுவர் ஒன்றும், புதிதாகத் தார் போட்ட ஒரு நீளமும் தவிர, மற்ற ரோடு முழுக்க அவருக்குள் இருந்தது. பரப்பலாறு அணைத் தண்ணீர் கீழே தெரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ரேடியேட்டர் சூட்டுக்கு அங்கே ஒரு பத்து நிமிடம் நிறுத்துவது அவர் பழைய வழக்கம். "தண்ணி எவ்ளோ கெடக்கு?" என்று கேட்டார். பாறை தெரிகிறது, ஓரத்தில் சேறு காய்ந்து கிடக்கிறது என்றேன். தென்மேற்கு மழை இந்தப் பக்கம் பெரிதாகக் கொடுக்காது. ஐப்பசிக்குத்தான் அணைக்கு உயிர் வரும். நங்காஞ்சி ஆற்றில் தண்ணீர் போனால்தான் கீழே எங்கள் கிணறும் ஊறும்.

வடகாடு தாண்டியதும் காற்றில் குளிர் வந்தது. ரோட்டில் யானைச் சாணி, நேற்றையது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறிய தோட்டங்கள், நடுவில் காப்பிச் செடி. தோட்டத்துக்குப் பிரியும் மண் பாதையில் கற்கள் பெயர்ந்து கிடந்தன. அதற்குத்தான் உயரமான பழைய வண்டி வேண்டும் என்பது. பாட்டா ஒருவர் குதிரையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். "ஏப்பா, நீயா? செத்துட்டேன்னுல்ல சொன்னாங்க" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

தோட்டத்தில் அவர் வாழை ஒவ்வொன்றையும் கையால் தடவிக்கொண்டே போனார். தாரின் அடி முகடு மழுங்கியிருக்கிறதா என்று விரலால் பார்த்து, "இது வெட்டு, இதுக்கு எட்டு நாள் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கண்ணால் பார்த்து வைத்திருந்த கணக்கில் மூன்று தாரைத் தள்ளுபடி செய்தார். முதல் நடை பாதி லோடுதான் என்று பாய் சொல்லியிருந்ததால் முப்பது தார், இரண்டு மூட்டை எலுமிச்சை, கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். வாழைச் சருகு பரப்பி அடுக்கி, கயிறு கட்டும்போது மணி மூன்று. யானை ரோட்டுக்கு வருவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை வண்டியின் பாலபாடம். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர்களை அண்ணன் பட்டியலாகச் சொல்லிக்கொண்டு வந்தார், அவர்களில் இன்று இல்லாதவர்கள் உட்பட. பையன் இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஒரு வார்த்தை பேசாமல் இறக்கினான். முதுகுச் சட்டை முழுக்க வேர்வை. ஒவ்வொரு வளைவிலும் நான் அந்தப் பைப் வெடித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். பெடல் கல் மாதிரி நின்றது.

அணை தெரிகிற அதே இடத்தில் மறுபடி நிறுத்தச் சொன்னார். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து, நடு வளையத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முன் இரண்டும் சரி. பின் வலது சரி. பின் இடதில் கையை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

"இது மத்ததை விடச் சூடு. ஷூ ஒரசுது. காலைல மொத வேலையா பாய்கிட்ட விட்டு ஒரு கண்ணி தளத்தச் சொல்லு" என்றார் பையனிடம். "மார்க்கெட்டு போய் எறக்கிட்டு, அப்பிடியே போ. வீட்டுக்குக் கொண்டாந்து நிறுத்தாத."